இடப்பக்கம் ரேகை, வலப்பக்கம் கையெழுத்து

கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த வருஷம் அது. சும்மா என்று சொன்னால் அம்மாவுக்குப் பிடிக்காது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறாள் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிவைத்திருந்தார். நான் படிக்கவில்லை. காலையில் ஒரு வேலையைத் தொடங்குவேன், மதியத்துக்குள் அலுத்துவிடும், சாயங்காலம் வேறொன்று. அப்படித் தொடங்கியதுதான் முதியோர் எழுத்தறிவு வகுப்பும். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் ஒரு தெருவில், குழந்தைகள் வீட்டுக்குப் போன பிறகு, அங்கன்வாடிக் கட்டடத்தில் நாலரையிலிருந்து ஆறு வரை. தன்னார்வலர் வேண்டும் என்றார்கள், கையைத் தூக்கினேன். ஒரு பாடப்புத்தகம், ஒரு வருகைப் பதிவேடு, ஒரு பெட்டி சாக்பீஸ் கொடுத்தார்கள்.

பன்னிரண்டு பெண்கள் வந்தார்கள். முதல் வாரம் யாரிடம் புத்தகத்தை நீட்டினாலும் ஒரே பதில்தான். "கண்ணாடி எடுத்தாரல பாப்பா, வூட்ல இருக்குது." நான் அதை நம்பினேன். நாளைக்கு மறக்காமல் கொண்டு வாங்க அக்கா என்று சொல்லி அனுப்பினேன். பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும் கண்ணாடியே கிடையாது என்று தெரிந்துகொள்ள எனக்கு அந்த ஒரு வாரம் ஆனது. படிக்கத் தெரியாது என்பதை வாயால் சொல்லாமல் இருக்க அவர்கள் வைத்திருந்த வழி அது. பேங்கில், ரேஷன் கடையில், ஆஸ்பத்திரியில் எல்லா இடத்திலும் அதைச் சொல்லித்தான் பக்கத்தில் நிற்பவரைப் படிக்கச் சொல்வார்களாம். பிறகு அதையே வகுப்பில் ஜோக்காக்கிவிட்டோம். யாராவது ஓர் எழுத்தில் தடுக்கினால் மற்றவர்கள், "இன்னா, கண்ணாடி வூட்லயா?" என்பார்கள்.

ஆறு மாதத்தில் பத்துப் பேர் பஸ் போர்டு படித்தார்கள். சின்னசேலம், கச்சிராயபாளையம், வெள்ளிமலை. எனக்குத்தான் பாடப்புத்தகம் அலுத்துவிட்டது. மரம், படம், பட்டம் என்று எத்தனை நாள் சொல்வது? ஒரு நாள் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, உங்களுக்குத் தோன்றியதை ஒரு பக்கம் எழுதுங்கள் என்றேன். எழுதினார்கள். பூக்கட்டி விற்கும் அக்கா ஒருவர், குழாயடியில் நடந்த சண்டையை யார் யாரைத் திட்டினார்கள் என்பது வரை அப்படியே எழுதியிருந்தார். அவர் அதைப் படிக்கப் படிக்க வகுப்பு முழுக்க விழுந்து புரண்டு சிரித்தது. நான் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து என் ஸ்டேட்டஸில் வைத்தேன். கூடப் படித்தவர்கள் பாதிப் பேர் பதில் போட்டார்கள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இவர்களுக்கு ஒரு வெப்சைட் வேண்டும்.

வேலை ஓடியது. இலவசமாகக் கிடைத்த ஒரு வடிவத்தை எடுத்து மாற்றினேன். பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு கட்டம். கட்டத்தைத் தொட்டால் அவரவர் பக்கம் திறக்கும். நோட்டுப் பக்கத்தின் போட்டோ, அதன் கீழே நான் டைப் செய்தது, அவர்கள் எழுதிய பிழையோடு. உச்சியில் இரண்டு படங்கள். இடப்பக்கம் கட்டைவிரல் ரேகை, அடியில் 'நேற்று'. வலப்பக்கம் கையெழுத்து, அடியில் 'இன்று'. இந்த யோசனை தோன்றியபோது நான் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். இறங்கியதும் முதல் வேலையாக ஸ்டேஷனரிக் கடைக்குப் போய் ஊதா மை டப்பா ஒன்று வாங்கினேன்.

சத்துணவு அக்காவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். வகுப்பில் அவருக்கு அதுதான் பெயர். கல்வராயன்மலையில், வெள்ளிமலையையும் தாண்டிய ஓர் ஊரில் பிறந்தவர். கல்யாணமாகிக் கீழே வந்தவர். டவுனிலிருந்து முக்கால் மணி நேரப் பஸ் தூரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருஷமாகச் சத்துணவு சமையல் உதவியாளர். வீட்டுக்காரர் சாரத்திலிருந்து விழுந்ததிலிருந்து கட்டட வேலைக்குப் போவதில்லை. பையன் பாலிடெக்னிக். அந்த வீட்டில் மாதம் பிறந்தால் வரும் ஒரே சம்பளம் இவருடையது.

அவர் எழுதியதுதான் பன்னிரண்டில் நல்லது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அதில் சில வரிகள் எனக்கு மனப்பாடம்.

'அரிசி வெந்துச்சான்னு வாசனைய வெச்சே சொல்லிடுவேன். கரண்டி போட்டு பாக்க மாட்டேன். முட்டை போடுற நாள்ல பிள்ளைங்க வரிசை நேரா நிக்கும். மத்த நாள் கோணலா நிக்கும். மூணாவதுல ஒரு பொண்ணு இருக்குது. எல்லாரும் கரண்டிய பாப்பாங்க, அது என் மொகத்த பாக்கும். அதுக்கு ஒரு கரண்டி ஜாஸ்தி.'

இரண்டாவது மாதமே ஒரு நாள் பாய் சுருட்டும்போது அவர் என்னிடம் சொன்னார். "எங்க இஸ்கூல்ல நான் அஞ்சாவது படிச்சவ, தெரியுமா?" சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த வேலைக்கு ஐந்தாவது படித்த சான்று வைத்திருந்தார் என்பதும், மலையில் அவர் பெயர் பள்ளிக்கூடப் பதிவேட்டில் ஐந்தாவது வரை இருந்தது என்பதும், அவர் அந்த வருஷங்களில் ஆடு ஓட்டிக்கொண்டும் தம்பியைத் தூக்கிக்கொண்டும் இருந்தார் என்பதும் பிற்பாடு தெரிந்தவை. அன்றைக்கே கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். எனக்கு அன்று ஆறு மணிக்கு வேறு எங்கோ போக வேண்டியிருந்தது.

பள்ளிக்கூடத்தில் அவர் வேலை அரிசி களைவது, காய் நறுக்குவது, பரிமாறுவது. எழுதுகிற வேலையெல்லாம் சத்துணவு அமைப்பாளருடையது. மாதத்துக்கு இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். அதை வேலைக்குச் சேரும் முன்பே பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கற்றுக்கொண்டிருந்தார். எழுத்தாக இல்லை, கோலமாக. கடைசி எழுத்தின் வாலிலிருந்து தொடங்கி முதல் எழுத்துக்கு வருவார். அதில் எந்த வளைவு எந்த எழுத்து என்று அவருக்கு வகுப்புக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. தெரிந்த அன்று, "இத்தன வருஷமா என் பேர நான் பின்னாலேர்ந்து தள்ளிக்கினு வந்துருக்கேன்" என்றார். அதன் பிறகு புதிதாக ஒரு கையெழுத்து வைத்துக்கொண்டார், முன்னாலிருந்து எழுதுவது.

மை டப்பாவோடு நான் போன அன்று எல்லோரும் கிண்டல் செய்தார்கள். பூக்கட்டும் அக்கா, "வெரல நீட்டாத, எழுதக் கத்துக்கன்னு ஆறு மாசம் உயிர எடுத்த. இப்ப நீயே நீட்டுன்ற" என்றார். ஆனாலும் நீட்டினார்கள். வரிசையாகப் பதினொரு கட்டைவிரல்.

சத்துணவு அக்கா மட்டும் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, "எனக்கு வேணாம் பாப்பா. நான் கைநாட்டு வெச்சதே இல்ல. எப்பவும் கையெழுத்துதான்" என்றார்.

எனக்கு அது பிடிபடவில்லை. பன்னிரண்டு பக்கத்தில் ஒன்று மட்டும் மற்றதுபோல இல்லை என்றால் பார்க்க எப்படியிருக்கும் என்பது மட்டும் பிடிபட்டது. "ஒண்ணு மட்டும் காலியா இருந்தா நல்லா இருக்காதுக்கா, சும்மா ஒரு டிசைனுக்குத்தான்" என்றேன். மற்றவர்களும் விடவில்லை. பெரிய ஆபீசரம்மா, வெரல்ல மை பட்டா கவுரவம் கொறஞ்சிடும் என்றார்கள். அவர் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு நீட்டினார். நான்தான் பிடித்து மையில் அழுத்தி, தாளில் உருட்டினேன். முதல் தடவை கலங்கிப்போனது. இரண்டாவது எடுத்தேன்.

ரேகைக்குக் கீழே ஒரு வரி வேண்டும் என்று தோன்றியது. 'நாற்பது வயது வரை ஓர் எழுத்தும் அறியாதவர். இன்று தன் கதையைத் தானே எழுதுகிறார்.' இதை ஒருவருக்கு எழுதி, மற்ற பதினொரு பேருக்கும் வயதை மட்டும் மாற்றி ஒட்டினேன்.

வெப்சைட்டை வகுப்பில்தான் திறந்து காட்டினேன். அவர்கள் வரியின் அடியில் விரல் வைத்துப் படித்துப் பழகியவர்கள். போனில் விரல் வைத்தால் எழுத்து நகர்ந்துவிடுகிறது. பூக்கட்டும் அக்கா தன் சண்டையைத் துரத்திக்கொண்டே போய் வேறொருவர் பக்கத்துக்குள் நுழைந்துவிட்டார். அப்புறம் விரலைப் போன் திரையில் படாமல் ஒரு நூல் மேலே தூக்கிப் பிடித்துப் படிக்கப் பழகினார்கள். சத்துணவு அக்கா அப்படித்தான் படித்தார். மெதுவாக, மேலிருந்து கீழ் வரை. முடித்ததும், "இத யார் யாரு பாப்பாங்க?" என்று கேட்டார்.

உலகம் பூரா பார்க்கலாம் என்றேன்.

"நம்மூருலயா?"

நம்ம ஊரிலும்தான் என்றேன். அவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சரி என்றார். அந்தச் 'சரி'யை நான் பிறகு எத்தனையோ முறை திருப்பிப் பார்த்திருக்கிறேன். சும்மா ஒரு சரிதான் அது. அதற்குள் ஒன்றும் இருந்ததாக எனக்குக் கேட்கவில்லை.

நான் உறுப்பினராக இருந்த எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் இணைப்பைப் போட்டேன். கல்லூரிக் குழு, தேர்வுக் குழு, மாவட்டச் செய்திக் குழு, வேலைவாய்ப்புக் குழு. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று மணிக்கு ஒரு தரம் பார்த்தேன். கையெடுத்துக் கும்பிடுகிற பொம்மைகள் வந்துகொண்டே இருந்தன.

மூன்றாவது வாரம் சத்துணவு அக்கா இரண்டு வகுப்புக்கு வரவில்லை. உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். பூக்கட்டும் அக்காதான் வகுப்பு முடிந்ததும் என்னை நிறுத்திச் சொன்னார். அந்தப் பள்ளிக்கூடம் இருக்கிற ஊரில் ஒரு பெண், பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு இதே வேலைக்கு விண்ணப்பம் போட்டுக் கிடைக்காமல் போனவர். அவருடைய மகன் ஏதோ ஒரு குழுவில் என் இணைப்பைப் பார்த்திருக்கிறான். பக்கத்தைக் கலரில் பிரிண்ட் எடுத்து, கைநாட்டு வைப்பவர் ஐந்தாவது படித்ததாகச் சொல்லி வேலை வாங்கியிருக்கிறார் என்று மனு எழுதி, அதோடு இணைத்துக் கலெக்டர் ஆபீசில் கொடுத்துவிட்டார்கள். அக்காவுக்கு விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. கடிதத்தை அவரே படித்துவிட்டாராம். "ஒரு எழுத்து தடுக்கல அவளுக்கு" என்றார் பூக்கட்டும் அக்கா.

வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தை நீக்கினேன். உறுதியாக நீக்கலாமா என்று கேட்டது. ஆம் என்று தொட்டேன். பிறகு சாப்பிட்டேன். அம்மா தட்டைப் பார்த்து இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினார். அழுகையோ பயமோ வரும் என்று காத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. உள்ளே எங்கோ ஒரு விசையை அணைத்ததுபோல இருந்தது. காகிதம் அங்கே ஃபைலில் இருக்கிறது, நான் இங்கே நீக்குவதால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

விசாரணை அன்று நானும் கூடப் போனேன். அந்த ரேகையை வைக்கச் சொன்னது நான்தான், அதைச் சொல்லிவிட்டால் போதும், முடிந்துவிடும் என்று வழியெல்லாம் அக்காவிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் ஷேர் ஆட்டோவில் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பள்ளிக்கூட அமைப்பாளரும் வந்திருந்தார், ஐம்பது வயதுப் பெண்மணி.

விசாரித்த அதிகாரி மரியாதையான மனிதர். எங்கள் மூன்று பேரையும் உட்காரச் சொன்னார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். டிசைன், கட்டம், மை டப்பா எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பிரிண்டைத் திருப்பி என் பக்கம் வைத்து, ரேகைக்குக் கீழே இருந்த வரியில் பேனாவை வைத்தார்.

"ரேகை நீங்க வைக்கச் சொன்னது. சரிம்மா. இது யார் எழுதினது?"

"நான்தான் சார்."

"இது பொய்யா?"

பொய் என்றால் அக்காவின் வேலை நிலைக்கும். ஆனால் அவர் என் வகுப்பில் மரம், படம் படித்தது வருகைப் பதிவேட்டில், என் கையெழுத்தில், நாள்வாரியாக இருக்கிறது. அந்தப் பதிவேட்டையும் நான்தான் ஒழுங்காக வைத்திருந்தேன். சுவரில் காலண்டர் தாள் காற்றில் தூக்கித் தூக்கி விழுந்துகொண்டிருந்தது.

அக்காதான் பேசினார். "பொய் இல்ல சார். இஸ்கூல்ல என் பேரு இருந்துச்சு. நான்தான் இல்ல."

அதிகாரி அன்றைய பேப்பரை எடுத்து, மடித்து, ஒரு செய்தியைக் காட்டிப் படிக்கச் சொன்னார். மரவள்ளிக் கிழங்கு விவசாயிகளைப் பற்றிய செய்தி. அக்கா வரியின் அடியில் விரல் வைத்துக் கடைசி வரை படித்தார். அதிகாரி நடுவில் நிறுத்தச் சொல்லவில்லை. நல்லா படிக்கிறீங்க என்றார், உண்மையாகத்தான் சொன்னார். பிறகு, நடந்ததை நடந்தபடிதான் எழுத முடியும் என்றார்.

வெளியே வேப்பமரத்தடியில் அமைப்பாளர் அக்காவிடம் தணிந்த குரலில் பேசினார். விஷயம் மேலே போனால் பன்னிரண்டு வருஷச் சம்பளத்துக்கும் கேள்வி வரும், பையன் படிப்பு வேறு இருக்கிறது, அதற்கு முன்னால் தானாகவே விலகிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் நல்லது என்றார். அது சரியான யோசனையா என்று எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. யாரிடமாவது கேட்டுப் பார்க்கலாம் அக்கா, வக்கீல் யாராவது, என்று தொடங்கினேன். "போதும் பாப்பா" என்றார். கோபமாக இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்பதுபோலச் சொன்னார்.

அந்தக் கடிதத்தை வகுப்பில் வைத்துதான் எழுதினார். குழந்தைகளின் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து, அதைவிடக் கொஞ்சமே உயரமான மேசையில். மற்றவர்கள் பாயில் அவரவர் நோட்டோடு இருந்தார்கள். யாரும் எழுதவில்லை. அமைப்பாளர் சொல்லியனுப்பிய வாசகங்களை ஒரு துண்டுத்தாளில் வைத்திருந்தார். என்னை ஒரே ஒரு முறைதான் கூப்பிட்டார்.

"சொந்த விருப்பத்தின் பேரில்னு எழுதணுமாமே. அது இல்லாம எழுத முடியாதா?"

வழக்கமாக அப்படித்தான் எழுதுவார்கள் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு எழுதினார். 'விருப்பத்தின்' அவருக்கு நன்றாகவே வந்தது.

கையெழுத்துப் போடும்போது பேனா காகிதத்தின் மேல் நின்றது. பழைய ரெக்கார்டில் இருப்பதுபோலவே இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்களாம். புதிதாகக் கற்ற கையெழுத்து செல்லாது. கொஞ்சம் யோசித்தார். பிறகு கடைசி எழுத்தின் வாலில் தொடங்கி, வலமிருந்து இடமாக, தன் பெயரை ஒரு முறை வரைந்தார்.

பூக்கட்டும் அக்கா என்னைப் பார்த்து, "இன்னா பாப்பா, இத போட்டோ புடிக்கலியா?" என்றார்.

"சும்மா இரு நீ" என்றார் சத்துணவு அக்கா, தலை நிமிராமல்.

கடிதத்தை மடித்த பிறகு நோட்டிலிருந்து இன்னொரு தாளைக் கிழித்து ஏதோ எழுதினார். அதைச் சீக்கிரம் முடித்துவிட்டார். என்னிடம் கொடுத்து, பள்ளிக்கூடத்துச் சமையலம்மாவிடம் சேர்த்துவிட முடியுமா என்று கேட்டார். தான் அங்கே இனிமேல் போவதாக இல்லை என்றார்.

மறுநாள் அந்தப் பஸ்ஸில் போனேன். முக்கால் மணி நேரம். இறங்கும்போது மலை ரொம்பப் பக்கத்தில் இருந்தது, மேகம் பாதிவரை இறங்கியிருந்தது. சமையல் கூடத்தில் சமையலம்மா தனியாகப் பெரிய பாத்திரத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தார். இருபது வருஷமாக அங்கே இருப்பவர் என்று அக்கா சொல்லியிருந்தார். யார் அனுப்பினார்கள் என்று சொல்லித் தாளை நீட்டினேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். பிரித்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னிடமே திருப்பி நீட்டினார்.

"கண்ணாடி எடுத்தாரலம்மா, வூட்ல இருக்குது. நீயே படிச்சிடு."

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மூக்கின் மேல் கண்ணாடித் தடம் இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றியது, பார்க்கவில்லை. தாளை வாங்கிப் படித்தேன்.

'மூணாவதுல ரெட்ட சட போட்டுக்கினு ஒரு பொண்ணு வரும். வரிசையில கடைசியா நிக்கும். வாய் விட்டு கேக்காது. அதுக்கு ஒரு கரண்டி ஜாஸ்தி.'

இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். படித்தேன். மெதுவாக, தடுக்காமல். அவர் உதட்டுக்குள் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு தாளை வாங்கி நாலாக மடித்து, உப்பு டப்பாவுக்கு அடியில் வைத்தார்.

"மணி அடிக்கிற நேரமாச்சு. நீ சாப்ட்டியா?" என்று கேட்டார். சாப்பிட்டுவிட்டேன் என்று பொய் சொன்னேன். வெளியே வந்து வேலி ஓரமாக நின்றேன். பிள்ளைகள் தட்டோடு வந்து நின்றார்கள். அன்று முட்டை இல்லை போல, வரிசை கோணலாக இருந்தது.